ஜட்கா குதிரைக்கு மூன்று நூல்

கரட்டூரணி,
4.8.1963

மாமாவுக்குச் செண்பகவல்லி எழுதியது.

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அத்தையும் இருப்பீர்கள். ஒரு வருஷமாக ஒரு வரி எழுதவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். நினைக்கட்டும் என்றுதான் எழுதவில்லை.

இப்போது ஒரு காரியம். பம்பாயில் விக்டோரியா என்று குதிரை பூட்டிய சாரட்டு ஓடுகிறதாமே, அந்த வண்டிக்காரர்களில் யாராவது எங்கள் சந்தனத்தை வாங்கிக்கொள்வார்களா? கடிக்காது, உதைக்காது, அவர் குரலுக்குக் கட்டுப்பட்ட குதிரை. நல்ல கையில் போகட்டும் என்று கேட்கிறேன்.

ரயில்வே கேட்டருகே ஜட்கா சாய்ந்து அவர் கால் முறிந்தபோது உழவு மாடு இரண்டையும் விற்றுத்தான் வைத்தியம் பார்த்தோம். கால் கூடிவிட்டது, ஆனால் ஒன்று கட்டையாகக் கூடிவிட்டது. மாடில்லாமல் போன வருஷம் பருத்தியைக் களை மூடிவிட்டது. இந்த வருஷமும் கார்த்திகை தீபத்துக்குள் புஞ்சை சுத்தமாக இல்லாவிட்டால் நிலத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும், குதிரையைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டும் என்று அவருடைய அண்ணன் அய்யாத்துரை சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நீங்கள் அனுப்பிய இரும்புக் கட்டில். தலைமாட்டைத் தூக்கினால் மூன்று நிலையில் நிற்கிறது. படுக்கலாம், சாயலாம், உட்காரலாம். எழுந்து நிற்க நாலாவதாக ஒரு நிலை வைக்க மறந்துவிட்டீர்கள். வருஷம் ஒன்றாகிறது, அவர் அதைவிட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். அந்தக் கட்டில் எனக்குச் சக்களத்தி.

குதிரை விஷயம் மட்டும் எழுதினால் போதும்.

செண்பகவல்லி


தாராவி,
11.8.1963

தாராவி, காலாகில்லா, கும்பார்வாடா முதலான ஐம்பத்தாறு தேசங்களுக்கும் இரும்புக் கட்டில் சக்கரவர்த்தியும், ஜெயினுலாப்தீன் பாய் பட்டறையின் பிரதான மூளையும், மூளை ஓய்ந்த நேரங்களில் அதே பட்டறையின் சுத்தியலும், உன் அம்மாவோடு கூடப் பிறந்த ஒரே குற்றவாளியுமான பூலோகம், கண் சிவந்திருக்கும் தன் மருமகளுக்கு விடுக்கும் திருமுகம்.

உன் கார்டு கிடைத்தது. முதலில் தபால்காரருக்குக் கிடைத்தது. அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் நின்ற நாற்பது லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. அப்புறம் உன் அத்தை பேராச்சிக்கு. எல்லோரும் படித்து, அழுது, மூக்கைச் சிந்தியபிறகே என் கைக்கு வந்தது. "கட்டில் சக்களத்தியாம்லா! ஒம்ம மருமவளுக்கு ஒம்ம நாக்கு அப்பிடியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று உன் அத்தை எனக்குச் சோறு போடாமல் பட்டம் சூட்டினாள். இனி மானத்தைக் காப்பாற்ற இன்லாண்டு கடிதத்தில் எழுது.

குதிரை விஷயம் மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். விக்டோரியா ஓட்டும் முகம்மது ஹனீப் நம் தென்காசிப் பக்கத்து ஆள்தான். கேட்டேன். உங்கள் சந்தனம் மட்டக்குதிரை. அதை விக்டோரியாவில் பூட்டினால் வண்டிதான் குதிரையை இழுத்துக்கொண்டு போகும் என்கிறார். ஆகவே விற்பனை ரத்து.

ஆனால் தாயி, மாடில்லை மாடில்லை என்று அழுகிறாயே, நாலு காலோடு ஒரு ஜீவன் உன் வாசலில் கொள்ளுத் தின்றுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறதே, அதைக் கொண்டு களை வெட்டினால் என்ன? வெள்ளைக்காரன் தேசத்தில் குதிரைதான் களை வெட்டுகிறது. அதற்கான ஆயுதத்தை நான் செய்து அனுப்புகிறேன். கரிசல் மண்ணில் முளைத்த கோரை, அருகு, சாரணை எல்லாம் என் பெயரைக் கேட்டதும் தாமாகவே வேரைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து ஜில்லாவுக்கு ஓடும்.

கட்டிலைப் பற்றி நீ எழுதியதற்கு என்னிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. ஒன்றும் நல்ல பதில் இல்லை என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். சுவரிடமும் சொல்.

பூலோகம்


கரட்டூரணி,
19.8.1963

மாமாவுக்கு,

குதிரை களை வெட்டும் என்று இந்தச் சுற்றுப்பட்டியில் யாரும் கேட்டதில்லை. நான் பிறந்தபோது நீங்கள் செய்த தானாக ஆடும் தொட்டிலைப் பற்றி அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தானாகத்தான் ஆடியதாம். ஆடி, என்னை உளுந்து கொட்டி வைத்திருந்த குலுக்கையில் போய் இறக்கியதாம்.

அதனால் மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "ஒம்மாமன் செஞ்சா, குதிரையும் எம்பக்கத்துல வந்து படுத்துக்கிடும்" என்றார்.

ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

செய்து அனுப்புங்கள்.

செண்பகவல்லி


தாராவி,
15.9.1963

களைகளின் காலன், கோரைக்குக் கொடுவாள், மேற்படி உளுந்துக் குலுக்கை சம்பவத்தில் நிரபராதி (தொட்டிலில் குற்றமில்லை, நீ கனம்) பூலோகம் எழுதுவது.

இயந்திரம் பிறந்துவிட்டது! சொல்கிறேன், மனசில் படம் போட்டுக்கொள். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளச் சட்டம். அதன் முகத்தில் ஒரு சின்னச் சக்கரம். முகத்தருகே கீல் வைத்து இரண்டு பக்கமும் இரண்டு சட்டங்கள், கோழி இறகை விரிப்பதுபோல் விரியும், ஒடுங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் வாத்துப் பாதம் மாதிரி தகடுகள். மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம் இறங்கிக் களையின் வேரை அறுக்கும். பின்னால் இரண்டு கைப்பிடி. குதிரை முன்னே போகும், நீ பின்னே பிடித்துக்கொண்டு நடப்பாய். இறகை வேண்டிய அகலத்துக்கு விரித்துத் திருகாணியில் முடுக்க வேண்டியதுதான்.

பட்டறையில் ஜெயினுலாப்தீன் பாய் இதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னவே பூலோகம், இதுல எப்படிவே படுக்கது?"

"இது கட்டில் இல்ல பாய். களை வெட்டுற மெஷின்."

"தாராவியில எவன்வே பருத்தி போட்டிருக்கான்?"

"எம் மருமவளுக்கு பாய்."

பாய் பழைய கட்டில் சட்டங்களைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

பரீட்சை செய்து பார்க்காமல் அனுப்புவேனா? வடாலாவில் உப்பளத்தை ஒட்டி வெறும் நிலம் கிடக்கிறது. ஹனீப் தன் குதிரை பாதுஷாவை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்தார். பூட்டினோம். நான் கைப்பிடியைப் பிடித்தேன். பாதுஷா திரும்பிப் பார்த்தான். என்னை மட்டும் கண்டான். பாய்ந்தான்!

தாயி, அந்த ஓட்டத்தை எப்படி வர்ணிப்பேன். வடாலாவில் கிளம்பியவன் தன் வண்டி வழக்கமாக நிற்கிற கிங்ஸ் சர்க்கிளில்தான் வந்து நின்றான். கைப்பிடியை விட்டால் ஹனீப் கோபிப்பார், விடாவிட்டால் எமன் சந்தோஷப்படுவான் என்ற நிலையில் பின்னால் பறந்தவன் நான். ரோட்டின் தாரில் தகடு தெறித்த பொறியில் பம்பாய்க்கு அன்று தீபாவளி. சர்க்கிளின் நடுவிலிருந்த புல்தரையைக் குறுக்கே ஒரே உழவு! மாட்டுங்கா ஓட்டல்களில் இருந்தவர்கள் எல்லோரும் டம்ளரும் கையுமாக வெளியே வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஆறிப்போன காப்பி மட்டும் ஆறாயிரம்.

ஒரு போலீஸ்காரர் வந்தார். "ஏ அண்ணா, யே க்யா சீஸ் ஹை?" என்றார், இது என்ன சாமான் என்று.

ஹனீப் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடிவந்து, "காஸ் காட்னே கா மெஷின் சாப். டிரையல்" என்றார், புல் வெட்டுகிற மெஷின் என்று.

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். மெஷின் போன தடத்தில் ஒரு புல் இல்லை, சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தது. "அச்சா ஹை" என்று சொல்லிவிட்டு, "ஆனால் இனிமேல் இந்தப் பக்கம் உங்கள் மூன்று பேரையும் பார்க்கக் கூடாது" என்றார். மூன்றாவது ஆள் பாதுஷா.

ஓடியது குதிரையின் திமிர். தனியே விக்டோரியா இழுத்துப் பழகிய ராஜ திமிர். உங்கள் சந்தனம் சாது, அதற்கு இதெல்லாம் வராது.

விதைத்ததும் பருத்தி வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்று சொல்ல வேண்டும். சாண் கணக்கில் எழுதாதே. உன் சாண் வேறு, என் சாண் வேறு. ஒரு நூலைப் பிடித்து அளந்து, அந்த நூலையே அனுப்பு.

பூலோகம்


கரட்டூரணி,
13.10.1963

மாமாவுக்கு,

விதைத்துவிட்டேன். மழையும் ஏமாற்றவில்லை. பருத்தி முளைத்துவிட்டது, அதைவிட நன்றாகக் களை முளைத்துவிட்டது. முதல் களையை நானும் இரண்டு பெண்களும் கொத்தியால் கொத்திக்கொண்டிருக்கிறோம். மேற்கே முடிப்பதற்குள் கிழக்கே மறுபடி பச்சை கட்டுகிறது.

நூல் கேட்டீர்கள். மூன்று நூல் வைத்திருக்கிறேன். மாடில்லாதவளுக்கு வரிசை பிடித்து விதைக்கிற கொரு இரவல்தானே. மூன்று வீட்டிலிருந்து மூன்று கொரு வந்தது, மூன்றும் மூன்று அகலம். கிழக்கே வெள்ளை நூல், நடுவில் கறுப்பு, மேற்கே சிவப்பு. இன்லாண்டுக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். வைத்திருக்கிறேன். ஜெயிலுக்குப் போவதானால் நீங்கள் போங்கள்.

நூல் அளந்துவிட்டு வந்து சுற்றிக்கொண்டிருந்தேன். "எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "மூணு அகலம்னா மூணு மெஷினா செய்வாரு?" என்றார். பிறகு, "பாவம் சந்தனம்" என்றார்.

அது அவர் ஜன்னலுக்கு வெளியேதான் கட்டிக்கிடக்கிறது. கனைத்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். போய் ஒருதரம் தடவிக் கொடுங்கள் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் இந்த நாலு வார்த்தைப் பேச்சும் நின்றுபோகும்.

செண்பகவல்லி


தாராவி,
27.10.1963

இந்திய சர்க்காரின் தபால் சட்டத்தை மருமகளோடு கூட்டுச் சேர்ந்து மீறியவனும், இந்தக் குற்றத்துக்காக எந்த நிமிஷமும் அந்தமானுக்குக் கப்பலேறத் தயாராகத் துணி மூட்டை கட்டி வைத்திருப்பவனுமான பூலோகம் எழுதுவது.

மூன்று நூலையும் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பார்த்தேன். தலை சுற்றியது. திருகாணி வைத்த என் மெஷினில், ஒவ்வொரு அகலத்துக்கும் குதிரையை நிறுத்தி, குனிந்து, முடுக்கி, நிமிர்ந்து... நீ பாதிப் புஞ்சைக்குள் கிழவியாகிவிடுவாய். மூன்று இரவு நான் கண் மூடவில்லை. குறட்டை விட்டேன் என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே. அது என் சிந்தனை அரைபடுகிற சத்தம்.

நாலாம் நாள் ஒரு கட்டிலுக்குத் தலைமாடு பொருத்திக்கொண்டிருந்தேன். தலைமாட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் மூன்று பல் இருக்கும். தூக்கினால் பல்லில் போய் உட்காரும், மறுபடி தூக்கினால் அடுத்த பல். படுக்க ஒன்று, சாய ஒன்று, உட்கார ஒன்று. கையில் பிடித்திருக்கிறேன், எதிரே சுவரில் மூன்று நூல் ஆடுகிறது. நான் போட்ட கூச்சலில் தாராவித் தோல் கிடங்குகளில் காய்ந்துகிடந்த ஆட்டுத் தோலெல்லாம் எழுந்து ஓடின!

இப்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. இழுத்துவிட்டால் இறகு விரிந்து பல்லில் உட்காரும். முதல் பல் வெள்ளை நூல், இரண்டாம் பல் கறுப்பு, மூன்றாம் பல் சிவப்பு. குனிய வேண்டாம், குதிரையை நிறுத்த வேண்டாம். நீ சக்களத்தி என்றாயே, அவளுடைய எலும்பு ஒன்றை எடுத்துத்தான் செய்திருக்கிறேன். உனக்கும் அவள் கொஞ்சம் உழைக்கட்டும்.

கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு ரயில் பார்சல் போட்டாயிற்று. ஜெயினுலாப்தீன் பாய் தன் கையாலேயே சாக்குத் தைத்தார். "ஒடஞ்சா எம் பட்டறை பேரு கெட்ரும்வே" என்றார். பாசத்தை அந்த ஆளுக்கு வேறு எப்படியும் சொல்லத் தெரியாது.

பூலோகம்


கரட்டூரணி,
9.11.1963

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. உங்கள் மெஷினில் ஒரு குற்றமும் இல்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் கேட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

சந்தனத்தைப் பூட்டினேன். நகரவில்லை. "ஹை" என்றேன், "போ" என்றேன், கும்பிட்டேன். திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, நிற்கிறது. முன்னால் கொள்ளுப் பையைக் காட்டிப் பத்தடி நடத்தினேன். மண் பிரிந்து களை வேரோடு மல்லாந்து விழுந்ததைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். வரப்பில் நின்ற பேச்சியம்மை அக்கா முந்தானையைச் சரி செய்யக் கையைத் தூக்கினாள். உடனே நின்றுவிட்டது. அவள் வந்து ஏறுவதற்குக் காத்து நிற்கிறது, மாமா! பாதையோரம் யார் கையைத் தூக்கினாலும் நின்று பழகின குதிரை. பிறகு அந்தப் பெண்கள் எல்லோரும் வேண்டுமென்றே கையைத் தூக்கினார்கள். எப்படியோ கொள்ளுப் பையைக் காட்டி இழுத்துப் போனால், சால் முடிந்த இடத்தில் திரும்பாமல் ஸ்டேஷன் பாதையில் இறங்கிவிட்டது.

அய்யாத்துரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். "ஏ செண்பகம், மொதல்ல டிக்கெட்டு எடுத்தியா? சும்மா போன்னா எப்படிப் போகும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "ஒங்க கொரலுக்குத்தான் அது போகும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாங்க" என்று கேட்டேன்.

"ஊரு பார்க்க குதிரைக்குப் பின்னால நொண்டிக்கிட்டு நடக்கவா? போயி வேலையப் பாருட்டி" என்றார். போர்வை மேலே ஏறிவிட்டது.

தீபத்துக்கு அதிக நாள் இல்லை. களை முழங்காலை நோக்கி வருகிறது. இனி மெஷினை என்ன செய்ய என்று கேட்டு எழுதுகிறேன். ஜட்காவில் கோழி அடைகிறது, அதன் பக்கத்தில் போட்டு வைக்கட்டுமா?

செண்பகவல்லி


தாராவி,
14.11.1963

செண்பகம்,

பட்டங்களையெல்லாம் கழற்றி மூன்று நூலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஹனீபுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டிக் குதிரைக்குப் பின்னால பாரம் இருக்கணும் அண்ணாச்சி. பாரம் இல்லேன்னா அதுக்கு வேலை முடிஞ்சு போச்சு. என் குதிரை ஸ்டாண்டுக்கு ஓடுச்சு, ஒங்க குதிரை சவாரிக்குக் காத்து நிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பாதுஷாவை நான் திமிர் பிடித்தவன் என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடு.

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாப்பிள்ளை சொன்னதை மறுபடி படித்தேன். அவர் புஞ்சைக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை, தாயி. பின்னால் நடக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். நியாயம்தானே? குதிரைக்கு வண்டி வேண்டும். அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். நான் இரண்டு பேரையும் நடக்கச் சொல்லி மெஷின் செய்திருக்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். நடுப் புஞ்சையில் மறுபடி ஒரு கறுப்பு நூல் அளந்து, அதை ஜட்காவின் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் பிடி. இரண்டு நூல் நீளம் ஏறக்குறைய வந்தால் நாம் பிழைத்தோம். குதிரை நடுச் சாலில் நடக்கும். சக்கரங்கள் இரண்டு பக்கத்துச் சால்களில் உருளும். இடையில் இருக்கிற பருத்தி வரிசை இரண்டும் அச்சுக்கு அடியில் தலை குனிந்து போய்விடும். செடி இன்னும் உயரவில்லையே. மெஷினின் கைப்பிடிகளையும் முன் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, சட்டத்தை அச்சுக்கு அடியில் சங்கிலி போட்டுத் தொங்கவிடு. உங்கள் ஊர்க் கொல்லாசாரியே செய்துவிடுவார்.

இரண்டு விஷயம் பாக்கி. கூண்டு இருந்தால் பாரம் அதிகம், சாலில் சக்கரம் அமுங்கும். கூண்டை அறுத்து எடுத்துவிடு. ஆசனப் பலகை மட்டும் போதும். அடுத்தது, ஆசனத்திலிருந்து கைக்கு எட்ட நீளமான பல்சட்டம் வேண்டும். நான் இங்கிருந்து பார்சல் போட்டால் தீபம் போய்ப் பொங்கலுக்கு வரும். ஆனால் அதே சட்டம், அதே மூன்று பல், உன் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ஆமாம். கட்டிலில்தான்.

அவரைப் புரட்டிப் போட்டுக் கழற்றாதே. கேள். கொடுக்காவிட்டால் விட்டுவிடு. கூண்டு அறுக்கிற வேலையை மட்டும் தெருவில் வைத்துக்கொள்ளாதே. அவர் ஜன்னலுக்கு நேரே வைத்துக்கொள். ரம்பத்துக்கு எண்ணெய் போட வேண்டாம் என்று தச்சரிடம் சொல். நான் எவ்வளவு நல்லவனாக மாறினாலும் அந்த அளவுக்குக் குறும்பு எனக்கு வேண்டியிருக்கிறது.

பூலோகம்


தாராவி,
25.11.1963

செண்பகம்,

பதில் இல்லை. கட்டிலைப் பற்றி நான் அதிகப்படியாக எழுதிவிட்டேனா? மாப்பிள்ளை மனசு நோகும்படி ஏதாவது நடந்துவிட்டதா? அவர் வண்டியை அறுக்கச் சொல்ல நான் யார் என்று இப்போது தோன்றுகிறது. களை போகட்டும், நிலம் போகட்டும். இரண்டு பேரும் இங்கே வாருங்கள். உன் அத்தை இந்தக் கார்டை வாங்கிப் பார்த்து, "என்ன, பட்டம் ஒண்ணையும் காணோம்?" என்கிறாள்.

தபால்காரர் தினமும் கை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

பூலோகம்


கரட்டூரணி,
2.12.1963

மாமாவுக்குச் செண்பகவல்லி எழுதியது.

உங்கள் கார்டைக் கோவில்பட்டித் தபால்காரரிலிருந்து ஊர் முழுக்கப் படித்துவிட்டது. இனி நீங்களும் இன்லாண்டில் எழுதுங்கள்.

எழுத நேரம் இருக்கவில்லை. அதுதான் காரணம். நடந்ததைச் சொல்கிறேன்.

நூல் சரியாக வந்தது. கோழிகளை விரட்டிவிட்டு ஜட்காவை ஜன்னலுக்கு நேரே இழுத்து நிறுத்தினோம். கட்டில் சட்டத்தைக் கேட்டேன். கொடுக்கவில்லை. விட்டுவிட்டேன். தச்சர் எண்ணெய் போடாத ரம்பத்தைக் கூண்டில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். நாய்களெல்லாம் குரைத்தன. உள்ளேயிருந்து, "எவம்லே எவ் வண்டியில கை வைக்கது?" என்று ஒரு சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிட்டார்.

"மாமாதான் அறுக்கச் சொன்னாக" என்றேன்.

"ஒம்மாமனுக்குக் கட்டிலு தெரியும், வண்டி தெரியுமா? இப்படி அறுத்தா குத்துக்காலு பொளந்துரும். ரம்பத்தைக் கீழ போடும்வே. ஆணியக் கழத்தணும், கூண்டு முழுசா வந்துரும்."

படியில் உட்கார்ந்தார். இந்த ஆணி, அந்த ஆணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்திலிருந்து சொன்னால் போதவில்லை, வண்டியடியில் வந்து உட்கார்ந்துகொண்டார். சந்தனம் கயிற்றை எட்டியமட்டும் இழுத்து மூக்கை அவர் தோளில் வைத்தது. அவர் அடுத்த ஆணியைக் காட்டினார். மூக்கைத் தள்ளவில்லை.

கொல்லாசாரி சங்கிலி மாட்டியபிறகு ஆசனத்துக்கு எட்டுகிற நெம்புகோல் இல்லாமல் வேலை நின்றது. அவரே ஸ்பேனரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே டமார் என்று தலைமாடு விழுகிற சத்தம் கேட்டது. பல்சட்டத்தோடு வெளியே வந்தார்.

மறுநாள் புஞ்சையில் ஊரே இருந்தது. அய்யாத்துரை முதல் ஆளாக வரப்பில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்டேன். லகானைப் பிடித்தார். சந்தனம் காதைத் திருப்பியது, ஆனால் நகரவில்லை. வரப்பில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"பின்னால ஏறு" என்றார்.

"நான் எதுக்கு?"

"சவாரி இல்லாம என்னைக்கு இது கெளம்பியிருக்கு? ஏறுட்டி."

ஏறி உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் முக்கில் சவாரிக்குக் கூப்பிடுகிற அதே குரலில், "கோயில்பட்டி, கோயில்பட்டி, கோயில்பட்டீ! ஒரு ஆளு, ஒரே ஆளு!" என்று கூப்பிட்டார். ஒரு வருஷமாக நான் கேட்காத குரல்.

சந்தனம் கிளம்பிவிட்டது, மாமா.

கிழக்கே முதல் பல், நடுவில் இரண்டாம் பல், மேற்கே மூன்றாம் பல். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையாலேயே மாற்றினார். களை இரண்டு பக்கமும் புரண்டு விழுந்துகொண்டே வந்தது. மேற்கே சக்கரத்தில் கொஞ்சம் செடி போயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன். பேச்சியம்மை அக்கா சும்மா இருப்பாளா, கையைத் தூக்கினாள். சந்தனம் நின்றது. இவர், "வண்டி நெறஞ்சு போச்சுக்கா, அடுத்ததுல வாங்க!" என்று கத்தினார். அது மறுபடி கிளம்பியது. அதற்குப் பிறகு வரப்பில் சிரித்த சிரிப்பு வேறு.

தீபத்தன்று புஞ்சையில் விளக்கு வைத்தேன். அய்யாத்துரை ஒரு சால் முழுக்க நடந்து பார்த்தார். ஒரு கோரை தப்பியிருந்தது. பிடுங்கி எங்களுக்குக் காட்டினார். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தம்பி, எம் புஞ்சைக்கும் ஒரு நடை வருமா?" என்று கேட்டார்.

"சவாரி வரும்ணே. மொதல்ல நூல் அளக்கணும்" என்றார் இவர்.

அளந்தாயிற்று. அவர்கள் கொரு அகலம் வேறு, நம்முடைய மூன்று பல்லுக்கும் அடங்கவில்லை. அதனால் நாலாவதாக ஒரு பல் வைத்துப் புதுச் சட்டம் செய்து அனுப்ப வேண்டுமாம். கட்டிலின் சட்டத்தைத் திருப்பி மாட்ட வேண்டாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். கட்டிலில் இப்போது கோழி அடைகிறது.

பச்சை நூல் உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை உறை வாங்கி, தபால்தலை ஒட்டி, சட்டப்படி அனுப்புகிறேன். நூலைப் பத்திரமாக எடுங்கள். அண்ணன் புஞ்சை ஊருக்கு அந்தப் பக்கம், உங்களுக்குத் தெரியுமே. வண்டி பூட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று அவரே நடந்து போய் அளந்துகொண்டு வந்த நூல் இது.

நொண்டிக்கொண்டுதான் போனார். ஊர் பார்த்தது.

செண்பகவல்லி